கனடா பிஆர்: புரொஃபைல் திறக்கும் முன் எதை முதலில், எதைப் பிறகு செய்வது?

சென்னையிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி (இணையத்தில் புரொஃபைல் போட்டு, புள்ளி வரிசைப்படி விண்ணப்பிக்க அழைக்கப்படும் முறை) வழியாகக் கனடா பிஆருக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கு, முயல்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நண்பர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று பலருடைய காகிதங்களை உட்கார்ந்து பார்த்துக் கொடுத்ததில் ஒன்று தெரிந்தது. தகுதி இல்லாமல் நின்றுபோனவர்களைவிட வரிசை மாற்றிச் செய்து நின்றுபோனவர்கள்தான் அதிகம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை எழுதி ஒரு வருடம் ஆன பிறகுதான் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் விவரம்) ஞாபகம் வரும். வேலையை விட்ட பிறகுதான் அனுபவக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கூகுளில் தேடுவார்கள்.

விதிகளும் எண்களும் மாறிக்கொண்டே இருப்பவை. எந்தப் பணத்தையும் கட்டுமுன் கனடா குடியேற்றத் துறையின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் கணக்கைப் போடுங்கள்

இரண்டு கணக்குகள் உண்டு. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது நுழைவுக் கணக்கு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் (திறன் தொழிலாளர்) பிரிவில் 100க்கு 67 வேண்டும். மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, ஏற்கெனவே உறுதியான வேலைக்கு 10, அங்கே ஒத்துப்போகும் தன்மைக்கு 10 என்று பிரித்திருக்கிறார்கள். இது பாஸ், ஃபெயில் மட்டும்தான். 67க்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் கூடுதல் பலன் கிடையாது.

இரண்டாவது சி.ஆர்.எஸ்., அதாவது விண்ணப்பதாரர்களைத் தரவரிசைப்படுத்தும் புள்ளி. மொத்தம் 1200. போட்டி நடப்பது இங்கேதான். திருமணமாகாத 29 வயதுக்காரர், எம்.இ. படித்தவர், 3 வருட அனுபவம், ஆங்கிலம் நான்கு பிரிவிலும் சி.எல்.பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9 என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 110, படிப்புக்கு 135, மொழிக்கு 124, படிப்பும் அனுபவமும் மொழியோடு சேர்வதால் கிடைக்கும் திறன் மாற்றப் புள்ளி 100. ஆக 469. இதே ஆள் 32 வயதில் வந்தால் 453. முப்பதாவது பிறந்தநாளிலிருந்து வருடத்துக்கு ஐந்தாறு புள்ளி கரைகிறது.

சமீப வருடங்களில் பொது டிராக்களின் (அதிகப் புள்ளி உள்ளவர்களை அழைக்கும் சுற்றுகள்) கட்-ஆஃப் பெரும்பாலும் 500ஐத் தாண்டியே இருந்திருக்கிறது. ஆகவே நல்ல மார்க், நல்ல கம்பெனி, நல்ல ஆங்கிலம் என்று எல்லாம் இருப்பவருக்கும் கூடுதலாக ஏதோ ஒன்று தேவைப்படும். அது என்ன என்பதை இந்தக் கணக்குதான் காட்டும். அதனால்தான் இது முதல் படி.

கல்யாணமானவர்கள் இரண்டு தடவை கணக்குப் போடுங்கள். ஒரு தடவை கணவர் முதன்மை விண்ணப்பதாரர், இன்னொரு தடவை மனைவி. துணைவருக்குக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 40 புள்ளி: மொழிக்கு 20, படிப்புக்கு 10, கனடாவில் பார்த்த வேலைக்கு 10. நம் வீடுகளில் கேட்காமலேயே கணவர் பெயரில் ஆரம்பித்துவிடுகிறார்கள். மனைவி மூன்று வயது இளையவர், முதுகலை முடித்தவர், ஆங்கிலமும் நன்றாக வரும் என்றால் அவர் பெயரில் போட்டால் மொத்தம் கூடும்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். முருகன்", பட்டத்தில் "முருகன் எஸ்", பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து "முருகன் சுப்பிரமணியன்". பான் கார்டில் வேறு ஒன்று.

எல்லாவற்றுக்கும் அளவுகோல் பாஸ்போர்ட்தான். மொழித் தேர்வு, படிப்பு மதிப்பீடு, புரொஃபைல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விட வேண்டும்.

பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். தேர்வு எழுதியபின் மாற்றினால் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று நிற்கும். சான்றிதழ்களுக்கு இடையே உள்ள இனிஷியல் வித்தியாசத்துக்கு, இரண்டும் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் ஒன்று கையில் இருக்கட்டும்.

கூடவே திருமணப் பதிவுச் சான்றிதழ். கோயிலில் கட்டின ரசீதும் ஆல்பமும் போதாது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும் சான்றிதழ்கள் ஏராளம்.

3. டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு மறந்துவிடுங்கள்

உங்கள் கையில் வேகம் இல்லாத ஒரே வேலை இது. அதனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். இந்தியப் பட்டத்தைக் கனடாவின் அளவுக்கு மதிப்பிட்டுத் தரும் அறிக்கையை இ.சி.ஏ. என்பார்கள். வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ், ஐக்காஸ் போன்ற அமைப்புகள் தருகின்றன. 5 வருடம் செல்லும். மொழித் தேர்வு முடிவு 2 வருடம்தான் செல்லும். நீண்ட நாள் தாங்குவதை முதலில் வாங்கி, சீக்கிரம் காலாவதியாவதைப் பிறகு வாங்குவதுதான் கணக்கு.

முதலில் மதிப்பீட்டு அமைப்பின் தளத்தில் பதிவு செய்து உங்களுக்கான எண்ணை வாங்குங்கள். பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அந்த எண் இல்லாமல் அனுப்பிய உறை யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

பட்டம் கொடுத்தது யார் என்பதையும் பாருங்கள். சென்னை வட்டாரத்துப் பழைய பொறியியல் பட்டங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையவை. கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது 2001ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு. பிறகு 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரிந்து மறுபடி ஒன்றானது. அந்த இடைக்காலத்தில் படித்தவர்கள் கல்லூரி அலுவலகத்தில் விசாரிப்பதோடு நிற்காமல் கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்திலும் விசாரித்துவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மதிப்பெண் பட்டியல் கல்லூரியுடையது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. எதை யார் அனுப்ப வேண்டும் என்று மதிப்பீட்டு அமைப்பு இந்தியாவுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு போனால் கவுன்டரில் வாதாட வேண்டியிருக்காது.

அரியர் இருந்ததே என்று கூச்சப்பட வேண்டாம். மதிப்பீட்டில் பார்ப்பது பட்டம் முடிந்ததா என்பதைத்தான்.

இரண்டு பட்டம் இருந்தால் இரண்டையும் மதிப்பிடச் சொல்லுங்கள். காரணம் எண்ணில் இருக்கிறது. இளங்கலை மட்டும் என்றால் 120. அதோடு இன்னொரு சான்று, ஒரு வருடப் பட்டயமாக ஏற்கப்பட்டாலும், 128. முதுகலை என்றால் 135. பார்ப்பதற்கு 8 புள்ளி வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் சி.எல்.பி 9 உள்ளவருக்குத் திறன் மாற்றத்தில் 25 இருந்த இடம் 50 ஆகும். ஆக லாபம் 33. எம்.சி.ஏ., எம்.பி.ஏ. எதையாவது அஞ்சல் வழியில் முடித்துவிட்டு, "அது எதுக்கு, பி.இ. போதும்" என்று விட்டவர்கள் மறுபடி யோசிக்கலாம்.

கிளவுட் சான்றிதழ், பிஎம்பி, ஸ்க்ரம் மாஸ்டர் இவற்றுக்கு சி.ஆர்.எஸ்ஸில் பூஜ்யம். வேலை தேடும்போது உதவும், புள்ளிக்கு உதவாது.

4. ஆங்கிலம்: ஒரு அரை பேண்டின் விலை

டிரான்ஸ்கிரிப்ட் நகர ஆரம்பித்ததும் தேர்வுக்குத் தயாராகலாம். ஐஇஎல்டிஎஸ்ஸில் ஜெனரல் டிரெய்னிங் எழுத வேண்டும், அகாடமிக் எடுபடாது. பிடிஇயில் கோர் மட்டும் செல்லும், 2024 ஜனவரி முதல் ஏற்கிறார்கள். பிடிஇ அகாடமிக் செல்லாது. தவறான தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. செல்பிப் தேர்வும் ஏற்கப்படுகிறது.

குறி சி.எல்.பி 9. ஐஇஎல்டிஎஸ்ஸில் அதற்கு லிசனிங் 8.0, மற்ற மூன்றிலும் 7.0 வேண்டும். "ஓவரால் 7.5 வந்திருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். ஓவராலை யாரும் பார்ப்பதில்லை.

மேலே சொன்ன 469காரரையே எடுங்கள். லிசனிங் மட்டும் 8.0க்குப் பதில் 7.5 வந்தால் அந்த ஒரு பிரிவு சி.எல்.பி 8 ஆகிவிடும். மொழியில் 31 இருந்த இடம் 23 ஆகி 8 குறையும். அத்தோடு நிற்காது. திறன் மாற்றத்தின் முழுப் புள்ளிக்கு நான்கிலும் 9 வேண்டும், ஒன்று குறைந்தாலும் 100 பாதியாகி 50க்கு வந்துவிடும். ஆக அரை பேண்டுக்கு 58 புள்ளி போய் 411. வேறு எந்தப் படியிலும் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய விலை கிடையாது. அதனால் நான்கில் எது பலவீனமோ அதற்குத்தான் நேரம் போக வேண்டும். நன்றாக வருவதையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வது மனதுக்கு இதம், புள்ளிக்கு உபயோகமில்லை.

நான் பார்த்தவரையில் ஓ.எம்.ஆர் ஐ.டி. ஆட்கள் அதிகம் மாட்டுவது ரைட்டிங் 6.5இல். தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறோமே என்ற நம்பிக்கைதான் காரணம். அலுவலக மெயிலின் துண்டு வாக்கியங்கள் கட்டுரையில் எடுபடாது. இரண்டாவது கேள்வியான கட்டுரைக்கு முதல் கேள்வியைவிட இரு மடங்கு எடை. கடிதத்தை 20 நிமிடத்தில் நிறுத்திவிட்டு 40 நிமிடத்தைக் கட்டுரைக்கு வையுங்கள். லிசனிங்கில் எழுத்துப்பிழை இருந்தால் விடை தப்பு. சரியாகக் கேட்டும் மதிப்பெண் போவது அங்கேதான்.

ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் வசதி ஐஇஎல்டிஎஸ்ஸில் வந்திருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அது செல்லாது. நான்கையும் ஒரே அமர்வில் எடுத்தாக வேண்டும்.

5. அனுபவக் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே வாங்குங்கள்

விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில். நம் கம்பெனிகள் தரும் ரிலீவிங் லெட்டரில் பெயர், பதவி, சேர்ந்த நாள், போன நாள், வாழ்த்து, அவ்வளவுதான். கனடா கேட்பது வேறு: கம்பெனி லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி, கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும், நீங்கள் வகித்த ஒவ்வொரு பதவியும் அதன் தேதிகளும், ஒவ்வொன்றிலும் செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் படிகளும்.

இதைக் கேட்குமுன் உங்கள் தொழில் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனடாவின் 2021ஆம் வருடத் தொழில் பட்டியலில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. 21231 மென்பொருள் பொறியாளர், 21232 மென்பொருள் உருவாக்குநர், 21301 மெக்கானிக்கல் பொறியாளர், 22222 மென்பொருள் சோதனையாளர். டியர் (தொழிலுக்குத் தேவையான படிப்பு, பயிற்சியின் படிநிலை) 0 முதல் 3 வரை உள்ள தொழில்களே இந்தப் பிரிவுக்கு ஆகும். "அசோசியேட்", "கன்சல்டன்ட்" என்ற பதவிப் பெயரைப் பார்த்து எண்ணைத் தேடாதீர்கள். சிறுசேரியில் அசோசியேட் என்றால் சோதனையாளராகவும் இருக்கலாம், டேட்டாபேஸ் ஆளாகவும் இருக்கலாம். அதிகாரி பார்ப்பது நீங்கள் செய்த பணி அந்த எண்ணின் விளக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று.

பிறகு கடிதத்தை நீங்களே வரைந்து மேனேஜரிடம் கொடுங்கள். பட்டியலில் இருக்கும் பணி விவரத்தை வரி மாறாமல் ஒட்டாதீர்கள். தினமும் இதே வரிகளைப் படிக்கும் அதிகாரிக்கு உடனே தெரியும். உங்கள் புராஜெக்ட், நீங்கள் பயன்படுத்திய கருவி, உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று உண்மையில் செய்ததை எழுதினால் பொருத்தம் தானாக வரும்.

"பாலிசியில் இல்லை" என்று ஹெச்.ஆர். கைவிரிப்பது சகஜம். அப்போது ஹெச்.ஆர். தரும் சாதாரணக் கடிதத்தோடு, மேனேஜரோ மூத்த சகாவோ பணிகளை விவரித்து நோட்டரி முன் தரும் பிரமாணப் பத்திரம், ஆஃபர் லெட்டர், இன்க்ரிமென்ட் கடிதங்கள், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் சேர்த்து, கம்பெனி ஏன் தரவில்லை என்று ஒரு விளக்கக் கடிதமும் வையுங்கள். ஹெச்.ஆருடைய மறுப்பு மெயிலையும் இணைக்கலாம். நோட்டீஸ் பீரியடில் இருப்பவருக்குக் கையெழுத்துப் போட யோசிக்கும் மேனேஜர், வேலையில் இருப்பவருக்கு டீ குடித்துக்கொண்டே போட்டுவிடுவார். ராஜினாமாவுக்கு முன் இதை முடிக்கச் சொல்வது அதனால்தான்.

எத்தனை வருடத்தைக் காட்டுவது என்பதிலும் யோசனை வேண்டும். கனடாவுக்கு வெளியே பார்த்த வேலைக்கு சி.ஆர்.எஸ். பார்ப்பது 3 வருடம் வரைதான். அதற்கு மேல் 10 வருடம் காட்டினாலும் ஒரு புள்ளி ஏறாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆரம்ப காலத்தில் சம்பளத்தைக் கையில் வாங்கிய, பி.எஃப். பிடிக்காத வேலையை அனுபவப் பகுதியில் ஏற்றி ஏன் நிரூபிக்க முடியாமல் திணற வேண்டும்? 67 கணக்குக்குத் தேவைப்படாவிட்டால் அங்கே விட்டுவிடலாம். ஆனால் தனிநபர் வரலாறு என்று வேறொரு பகுதி இருக்கிறது. அதில் கடந்த 10 வருடத்தில் ஒரு மாதமும் விடாமல், அந்த வேலையும், சும்மா இருந்த காலமும் உட்பட, எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மறைப்பதாக மாட்டிக்கொள்ளாதீர்கள்.

6. கூடுதல் புள்ளி: பிரெஞ்சு, மாகாணம், தொழில் பிரிவு

இதுவரை சொன்னதெல்லாம் இருப்பதைச் சேதமில்லாமல் காட்டுவது. இனி இல்லாததைச் சேர்ப்பது.

என் கருத்தில் சென்னையில் உட்கார்ந்துகொண்டே சேர்க்கக்கூடிய பெரிய புள்ளி பிரெஞ்சு. நான்கு பிரிவிலும் என்.சி.எல்.சி (பிரெஞ்சுக்கான அளவுகோல்) 7 வந்து, ஆங்கிலம் சி.எல்.பி 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் 50. இரண்டாம் மொழிக்கென்று தனியாக 12. நம் 469காரர் 531 ஆகிவிடுவார். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி டிராவும் நடக்கிறது. 2025 மார்ச் 21இல் அதன் கட்-ஆஃப் 379 வரை இறங்கியது.

சும்மா கிடைப்பதில்லை. என்.சி.எல்.சி 7 என்பது ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏறக்குறைய பி2 நிலை. வேலையும் பார்த்துக்கொண்டு பூஜ்யத்திலிருந்து படித்தால் ஒரு வருடத்துக்குக் குறையாது. பலருக்கு இன்னும் நீளும். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, ஆன்லைனில் தனி ஆசிரியர்களும் கிடைக்கிறார்கள். எங்கே படித்தாலும் கடைசியில் எழுத வேண்டியது டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா. டெல்ஃப் பி2 சான்றிதழ் வாங்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது குடியேற்றத்துக்குச் செல்லாது.

மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளி, அத்தோடு கவலை தீர்ந்தது. ஆனால் தேர்ந்தெடுப்பது மாகாணம். உங்கள் தொழில் அவர்களுக்குத் தேவைப்பட வேண்டும், அங்கேதான் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதும் உண்மையாக இருக்க வேண்டும்.

2023 முதல் தொழில் பிரிவு டிராக்களும் நடக்கின்றன. நர்சுகள், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்றவர்கள் பொது கட்-ஆஃபைப் பார்த்து மனம் தளருமுன் தங்கள் பிரிவின் கட்-ஆஃபைப் பாருங்கள். பிரிவுகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

வேலை ஆஃபர்? அதற்கான சி.ஆர்.எஸ். புள்ளியை 2025 மார்ச் 25இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் "ஆஃபர் லெட்டர் வாங்கித் தர்றோம், 50 பாயின்ட் ஏறும்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் கடைகள் இருக்கின்றன. எழுந்து வந்துவிடுங்கள்.

7. பணத்தை ஆறு மாதம் முன்பே படுக்கவையுங்கள்

2025 ஜூலையில் அறிவித்தபடி குடியேறும் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று தனியாள் 15,263 கனடிய டாலர் காட்ட வேண்டும். குடும்பத்துக்கு ஆள் எண்ணிக்கைப்படி கூடும். துணைவரும் குழந்தைகளும் கூட வராவிட்டாலும் அவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வங்கிக் கடிதத்தில் கணக்கு தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த 6 மாத சராசரி இருப்பு, நிலுவைக் கடன் எல்லாம் வர வேண்டும். கிளையில் தரும் ஒரு வரி சால்வென்சி சான்றிதழும், ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்றும் இதற்கு மாற்றாகாது. வீடு, மனை, நகை கணக்கில் வராது. கடன் வாங்கிக் காட்டவும் கூடாது. கடைசி நேரத்தில் பத்து லட்சம் விழுந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அப்பா ஊரில் நிலம் விற்றுக் கொடுத்தது என்றால் கிரயப் பத்திர நகல், அவருடைய வங்கிக் கணக்கு விவரம், திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று அவர் தரும் பத்திரம் மூன்றும் வேண்டும். ரூபாய் மதிப்பு சரியும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

8. இப்போது புரொஃபைல்

மேலே உள்ளவை கையில் வந்த பிறகு திறந்தால் அரை நாள் வேலை. புரொஃபைல் 12 மாதம் உயிரோடிருக்கும். புதிய மதிப்பெண் வந்தாலோ, கல்யாணமானாலோ, வேலை மாறினாலோ உடனே திருத்த வேண்டும். புரொஃபைலில் எழுதுவது எல்லாம் வாய்ச்சொல்தான். அழைப்பு வந்தபின் 60 நாளுக்குள் அத்தனைக்கும் காகிதம் காட்ட வேண்டும். பொய்யென்று தெரிந்தால் 5 வருடத் தடை. ஏஜென்ட் எழுதினார் என்று சொல்லித் தப்ப முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பிப்பவர் உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகராகவோ கனடிய வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். ஆலோசகரின் உரிம எண்ணை வாங்கி, கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி, ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

60 நாளில் நேரத்தைத் தின்பது போலீஸ் சான்றிதழ். இந்தியாவுக்கானதை சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையங்களில் வாங்கலாம். முகவரி மாறியிருந்தால் காவல் நிலைய விசாரணையில் இழுக்கும். கடந்த 10 வருடத்தில் வேறு எந்த நாட்டிலாவது தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். சிங்கப்பூர், துபாய், சவுதி போய் வந்தவர்களும், ஆன்சைட்டில் அமெரிக்காவில் இருந்தவர்களும் அதற்கான வழிமுறையை முன்கூட்டியே படித்து வையுங்கள். மருத்துவப் பரிசோதனையையும் 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும், கனடா அங்கீகரித்த மருத்துவர் மட்டுமே செய்யலாம். அழைப்பு வந்த வாரத்திலேயே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள், குழந்தைகளுக்கும் சேர்த்து.